பிரான்ஸுக்குப் போகும் திசையில் சூலம்

வருஷத்துக்கு ஒரு தடவை நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டும். அதற்காகப் போன மாதம் பழைய ஆபீசுக்குப் போனேன். நேரில் போய் நின்றால் மட்டும் போதாது, கட்டைவிரலை உருட்டினால்தான் நம்புவார்கள். உருட்டி முடித்து மையைச் சுவரில் துடைத்துக்கொண்டிருந்தபோது கிளார்க் தம்பிகள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருடைய மச்சான் ஜெர்மனி போகிறாராம். விசாவுக்கு அந்தக் காகிதம் கொண்டா, இந்தக் காகிதம் கொண்டா என்று உயிரை வாங்குகிறார்களாம். "உங்க காலத்துல எப்படிங்க ஐயா? இவ்வளவு கெடுபிடி இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

இருந்தது தம்பிகளா. சொல்கிறேன், உங்கள் ஊழியர் சங்கத்து ஆண்டு மலரில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொல்லச் சொல்ல ஒரு தம்பி எழுதிக்கொண்டார். என் பேச்சை அங்கங்கே இஸ்திரி போட்டிருக்கிறார். அதனால் படித்தவன் எழுதியது மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

என் பெயர் சிங்காரம். ஊர் உறையூர். தறிக்காரன் வீட்டில் பிறந்து, தறியில் உட்கார்ந்தால் நூலுக்குப் பதில் என்னையே சேர்த்து நெய்துவிடுவேன் என்று அப்பா துரத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்கு முன்பே துரத்தியிருந்தார். வேறு வழியில்லாமல் சர்க்கார் சேவகத்துக்கு வந்தேன். வெள்ளைக்காரன் ராஜ்யம். கன்டோன்மெண்டில் ஓர் ஆபீஸ், எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே ரகசியக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக ஆள் தேடினார்கள். துரை என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தேன். உடனே வேலை கொடுத்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாததற்காகச் சம்பளம் வாங்கியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சிவப்பு டவாலி, இடுப்பில் பித்தளை வில்லை, தலையில் முண்டாசு. வேலை கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்: கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் தூங்கு.

துரை கையெழுத்துப் போடுவார். ஆபீஸை நடத்தியது ஹெட்கிளார்க் சேஷாத்ரி ஐயங்கார். ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் பெருமாள் சேவித்துவிட்டு ஜட்காவில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். திருமண் காய்ந்திருக்காது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த மேஜையில் இடது பக்கம் சர்க்கார் சட்டப் புத்தகம், வலது பக்கம் பஞ்சாங்கம். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் இடது பக்கம் பார்ப்பார். அனுமதி இருந்தால் வலது பக்கம் திரும்புவார். அங்கேயும் அனுமதி இருந்தால்தான் முத்திரை விழும்.

ராகு காலத்தில் முத்திரை கிடையாது. அது எல்லா ஆபீசிலும் உண்டு. எங்கள் ஐயங்கார் அதற்கு மேலே போனவர். சூலமும் பார்ப்பார். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று காலண்டரில் போட்டிருக்குமே, அது மனுஷனுக்கு மட்டும் இல்லை, காகிதத்துக்கும் உண்டு என்பது அவர் கட்சி. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். மதராஸ் வடக்கே இருக்கிறது. ஆகையால் செவ்வாய், புதனில் மதராஸ் பெரிய ஆபீசுக்குத் தபால் போகாது. மதராஸில் தலை போகிற அவசரமாக இருந்தாலும் வியாழக்கிழமை வரை தலை கழுத்தில்தான் இருக்க வேண்டும்.

துரைக்கு இது தெரியாது. "இந்த ஆபீஸில் காகிதங்கள் ஓர் ஒழுங்கோடு வெளியே போகின்றன. மற்ற ஜில்லாக்களில் இது இல்லை" என்று மேலே எழுதிப் போட்டாராம். ஐயங்கார் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

இப்படிப்பட்ட ஆபீசுக்குள்தான் மிலோஷ் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

புத்தூர் மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். அதில் ஓடுகிற குதிரை மேலே நின்றுகொண்டு வருகிறவன் இவன். ஒரு நாள் குதிரை நின்றது, இவன் தொடர்ந்து போனான். கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கூடாரம் காரைக்காலுக்குப் போய்விட்டது. அவன் பெண்சாதி வேரா, கயிற்றின் மேல் நடக்கிறவள். சர்க்கஸ்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் காகிதம் ஆகியிருந்ததால் அவளும் கூடவே போக வேண்டியதாகிவிட்டது. காரைக்காலில் சர்க்கஸைக் கலைத்துவிட்டுக் கப்பலேறிப் பிரான்ஸ் வழியாக ஊருக்குப் போவதாக ஏற்பாடு. கப்பல் திங்கட்கிழமை. அதற்குள் இவன் போய்ச் சேராவிட்டால் அவள் அந்தப் பக்கம், இவன் வாராவாரம் போலீஸில் கைநாட்டு வைத்துக்கொண்டு இந்தப் பக்கம்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர் அல்லவா? அங்கே ஒரு வெளிதேசத்து வெள்ளைக்காரன் கால் வைத்தால் பிரான்ஸ் தேசத்துக்குள் கால் வைத்ததாகக் கணக்கு. அதற்கு விசா வேண்டும். மதராஸில் பிரெஞ்சுக்காரர்கள் இவன் பாஸ்போர்ட்டில் வட்டமாக ஒரு முத்திரை குத்தி, சனிக்கிழமைக்குள் எல்லை தாண்டு என்று தேதி போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாக்கி இருந்தது எங்கள் ஆபீஸ் சீட்டு ஒன்றுதான்: இந்த ஆள் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று. எங்களுக்கு என்ன ஆட்சேபம்? ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறதே.

ஐயங்கார் பாஸ்போர்ட்டைப் பிரித்தார்.

"ஏண்டா சிங்காரம், இவன் எந்த தேசத்தான்?"

"செர்பியான்னு சொல்றாருங்க சாமி."

"செர்பியா நம்ம புஸ்தகத்துல இருக்கு. ஆனா இதுல வேற போட்டிருக்கே. செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர், மூணு ஜனத்துக்கும் சேர்த்து ஒரே ராஜ்யம்னு. போறாததுக்கு மதராஸ்லேர்ந்து சர்க்குலர் வந்திருக்கு. அந்த தேசத்துக்கு இப்போ யூகோஸ்லாவியான்னு பேராம். இவன் எதுலேர்ந்து வந்தான்?"

மிலோஷுக்குக் கூடாரம் அடிக்கிற ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் உண்டு. அதில் பாதி வசவு. மீதிப் பாதியில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னான்: "நான் ஒரே ஆளு. ஒரே வீடு. வீடு அங்கேயே இருக்கு. பேருதான் ஓடுது!"

"அதான் நானும் கேக்கறேன். நீ இங்கே இருக்கறச்சே உன் தேசம் பேரை மாத்திண்டா, நீ அந்த தேசத்தானா, பழைய தேசத்தானா?"

மிலோஷ் ஏதோ சொன்னான். அது கூடாரத் தமிழின் முதல் பாதி. நல்ல வேளை, ஐயங்காருக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. எனக்குத் தெரியும். சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் ஐயங்கார் ஒரு வழி கண்டார். மூன்று ஜனம் என்று போட்டிருப்பதால் மூன்று விண்ணப்பம். செர்பியனாக ஒன்று, குரோஷியனாக ஒன்று, ஸ்லோவேனியனாக ஒன்று. மூன்றையும் ஒரே ஆள்தான் கொடுத்தான் என்பதற்கு யூகோஸ்லாவியனாக நாலாவது ஒன்று. மிலோஷ் நாலிலும் கையெழுத்துப் போட்டான். குரோஷியன் காகிதம் வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவன் எனக்குப் பிடிக்காது அண்ணா" என்றான். "எங்க ஆபீஸ்ல எனக்கும்தான் யாரையும் பிடிக்கல. போடு ராசா" என்றேன். போட்டான்.

நாலு காகிதமும் மேஜை மேஜையாகப் பிரதட்சணம் பண்ணிவிட்டு வெள்ளிக்கிழமை சாயந்தரம் துரை கையெழுத்தோடு வந்தன. பேரளம் போய்ச் சேரும்படியான வண்டி அன்றைக்கு அதற்குள் போய்விட்டது. போனால் போகிறது, சனிக்கிழமை காலை வண்டி இருக்கிறது. தஞ்சாவூர், மாயவரம், பேரளம், அதற்கு அந்தாண்ட பிரான்ஸ். அந்நியனை எல்லை வரைக்கும் சர்க்கார் ஆள் ஒருத்தன் கொண்டு போய் விட வேண்டும் என்று சட்டம். சர்க்கார் ஆள் என்றால் நான். பாருங்கள் கொடுமையை.

ஐயங்கார் முத்திரையைக் கையில் எடுத்தார். வலது பக்கம் திரும்பினார். முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளைக்கு சனிக்கிழமை. கிழக்கே சூலம்."

மிலோஷ் என்னைப் பார்த்தான். சூலத்தை அவனுக்கு எப்படி விளக்குவது? கிழக்கைக் காட்டினேன், மூன்று விரலை நீட்டினேன், என் வயிற்றில் குத்திக்கொண்டு நாக்கைத் தள்ளினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. காரைக்காலில் யாரோ கத்தியோடு காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டானாம்.

"சாமி, தயிர் சாப்பிட்டுட்டுப் புறப்பட்டா சூலத்துக்குப் பரிகாரம்தானுங்களே?"

"அது உனக்கும் எனக்கும்டா. அந்நிய தேசத்தானுக்குத் தயிர் செல்லுமான்னு எங்கேயும் போடலை. நாளைக்கு வழியிலே இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேலே யார் பதில் சொல்றது?"

"நாளைக்குப் போகலேன்னா விசா செத்துடுங்க சாமி. இவன் பெண்சாதி திங்கக்கிழமை கப்பலேறிடும்."

ஐயங்கார் கெட்டவர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். பெருமாள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"பரஸ்தானம் வெச்சுடு" என்று சொல்லி, முத்திரையை எடுத்துச் சீட்டில் குத்தினார்.

இப்போதைய தம்பிகளுக்குப் பரஸ்தானம் தெரியுமோ தெரியாதோ. ஆகாத நாளில் போக வேண்டி வந்தால், முந்தின நல்ல நாளிலேயே பயணக்காரனுடைய சாமான் ஒன்றை அந்தத் திசையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை கிழக்கே தடை இல்லை.

"என்ன சாமானுங்க சாமி?"

"அது இல்லாம இவன் பிரயாணமே நடக்காதுங்கற சாமானா இருக்கணும். ஒப்புக்கு ஒரு துண்டை வெச்சுட்டு வந்தா அது பரஸ்தானம் ஆகாது."

மிலோஷின் சாமான்களைப் பார்த்தேன். ஒரு தொப்பி, ஒரு சவுக்கு, ஜிகினா போய்விட்ட சட்டை. இதில் எது இல்லாமல் அவன் பயணம் நடக்காது? நன்றாக யோசித்தேன். நான் யோசித்தால் இப்படித்தான் ஆகும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன்.

அரியமங்கலத்தில் என் தங்கச்சி சின்னப்பொண்ணு வீடு. திருச்சிக்குக் கிழக்கே, கச்சிதமான திசை. வீட்டுக்காரர் சரக்கு வண்டியோடு வெளியூர் போயிருந்தார். விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

"என்னண்ணே இது, வெள்ளைக்காரன் படம் போட்ட புஸ்தகம்?"

"பரஸ்தானம். பாவம், காலு உடைஞ்ச மனுசன், பெண்சாதிய பாக்கப் போறாரு. பத்திரம். தனியா வெச்சுட்டு அப்படி இப்படிப் போயிடாதே. உன் கண்ணு மேலயே இருக்கட்டும்."

"நீ கவலையே படாதண்ணே."

நானும் கவலைப்படாமல் திரும்பினேன். உறையூர் வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். முட்டாளுக்குத் தூக்கம் நன்றாக வரும்.

சனிக்கிழமை காலை ஜட்காவில் மிலோஷை ஏற்றிக்கொண்டு அரியமங்கலம் போனேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு அப்படியே திருவெறும்பூர் ஸ்டேஷனில் வண்டி ஏற வேண்டும். திரும்ப மேற்கே ஜங்ஷனுக்கு வந்தால் பரஸ்தானம் கெட்டுவிடும் என்று ஐயங்கார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வீடு பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரு, சின்னப்பொண்ணு அண்ணனா? அது விடியக்காலையிலேயே சமயபுரம் வண்டி கட்டிக்கிட்டுப் போயிருச்சே. போன ஆடியில வேண்டிக்கிட்டது."

"ஒரு புஸ்தகம் குடுத்துட்டுப் போச்சா?"

"எங்கிட்டயா? கண்ணு மேல வெச்சுக்கச் சொல்லி நீங்கதான் சொன்னீங்களாமே! முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டுப் போயிருச்சு."

திருவெறும்பூர் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. மிலோஷ் ஜட்காவிலேயே உட்கார்ந்திருந்தான். எங்கே என்று புருவத்தால் கேட்டான். நான் வடக்கே, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் அப்பால், கையை நீட்டினேன். அவன் பாஸ்போர்ட் அவனை விட்டுவிட்டுத் தனியாகத் திருத்தல யாத்திரை போயிருக்கிறது என்று புரியவைக்க எனக்குப் பாஷை போதவில்லை. புரிந்ததும் அவனுக்கும் போதவில்லை. இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். உடைந்த காலை நீட்டிக்கொண்டு, "வேரா... வேரா..." என்றான். அத்தனை வசவு தெரிந்தவன் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாழ்நாளில் அன்றைக்கு ஒரு நாள்தான் என் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை.

சின்னப்பொண்ணு பொழுது சாய்கிற நேரத்துக்கு மஞ்சள் பூசிய முகமும் வேப்பிலையுமாக வந்து இறங்கினாள். முந்தானையை அவிழ்த்து, இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினாள்.

"அந்த அண்ணனுக்குக் காலு சரியில்லேன்னு சொன்னியேன்னு அம்மா காலடியிலேயே வெச்சு எடுத்தாந்தேன். பூசாரி வேணாம் வேணாம்னாரு. விடலையே நான்!"

பிரித்துப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் தீர்த்தத்தில் குழைந்து, மிலோஷ் படத்துக்கு நெற்றியில் ஒரு பொட்டு. அடுத்த பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் முத்திரை மேல் அப்பளம் அகலத்துக்கு இன்னொன்று. எழுத்து, தேதி, கையெழுத்து எல்லாம் அதற்குக் கீழே காய்ந்து கெட்டியாகிவிட்டது. விரலால் சுரண்டப் போனேன். பளீர் என்று கையில் ஒரு அடி.

"சாமி குங்குமத்தைச் சுரண்டறியா? கை அழுகிப் போகும்!"

மிலோஷ் என்ன செய்வானோ என்று பயந்தேன். அவன் குங்குமத்தைப் பார்த்தான், சின்னப்பொண்ணின் முகத்தைப் பார்த்தான். மூன்று விரலைச் சேர்த்து நெற்றி, வயிறு, தோள் என்று அவர்கள் வழக்கப்படி தொட்டுக்கொண்டான். "நல்ல தங்கச்சி" என்றான்.

அடுத்த வண்டியைப் பிடித்து, மாயவரத்தில் மாறி, பேரளத்தில் மாறி, பிரெஞ்சு எல்லைக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமை காலை. விசா செத்துவிட்டது. போகாமலே இருந்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் மாயவரத்தில் சொன்னேன். "வேரா அங்கே" என்று கையை நீட்டினான். அதற்கு மேலே என்ன பேசுவது?

ரயிலை நிறுத்திப் பரிசோதனை. பிரான்ஸ் தேசத்தின் வாசலில் உசந்த தொப்பியும் நிஜாருமாக ஒருவர் நின்றார். எங்கள் உறையூர்க்காரன் நிறம், எங்கள் உறையூர்க்காரன் மீசை.

"பாஸ்போர்ட்டு?"

கொடுத்தோம். பிரித்தார். மூக்கருகில் கொண்டு போனார்.

"என்னய்யா இது?"

"சமயபுரம் குங்குமமுங்க" என்றேன். பொய் சொல்ல அவகாசம் இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பேரு மாரிமுத்து. எங்க ஆத்தா சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டுத்தான் என்னையப் பெத்துச்சு. நாலஞ்சு வருசமா போவ முடியல. அவளே தேடி வந்துட்டா பாரு!" என்றார். பிறகு தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். போட்டதும் முகம் மாறிவிட்டது.

"தேதி தெரியலையே. எந்தத் தேதிக்குள்ள வரச் சொல்லியிருக்கான்?"

எனக்கு நாக்கு துடிக்கிறது. மடையன் நான், சும்மா இருக்கத் தெரியாமல், "வேணும்னா துடைச்சுப் பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எவன்யா நீ? நானா? அம்மன் குங்குமத்தையா? நான் பிள்ளைகுட்டிக்காரன்யா!"

"அப்போ எப்படிங்க?"

மாரிமுத்து முத்திரையைக் கையில் எடுத்தார். "தேதி தாண்டி வந்தவனைத் திருப்பி அனுப்புன்னுதான் சட்டம். தேதி தெரியாதவனைத் திருப்பி அனுப்புன்னு எங்கேயும் இல்ல. இவரு தாண்டினாரா இல்லையான்னு ஆத்தாளுக்குத்தான் தெரியும். அவகிட்டப் போயி யாரு கேக்குறது?"

அடுத்த பக்கத்தில் டொப்பென்று முத்திரை விழுந்தது. நான் எங்கள் ஐயங்காரை நினைத்துக்கொண்டேன். இவரும் அவரும் ஒரே ஆபீசில் இருந்தால் உலகம் என்ன ஆகும்!

காரைக்கால் ஸ்டேஷனில் வேரா நின்றுகொண்டிருந்தாள். வருகிற வண்டிக்கெல்லாம் வந்து நின்றாளாம். மிலோஷ் கட்டையை ஊன்றி இறங்கியதும் ஓடி வந்து முதலில் மார்பில் ஒரு குத்து, அப்புறம்தான் அழுகை. நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த மாரிமுத்துவும் தூணைப் பார்த்தார். கொஞ்சம் தேறியதும் அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தாள். உள்ளே சிவப்பாக அப்பிக் கிடப்பதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்தாளோ, அழுக்கு என்று நினைத்தாளோ, கைக்குட்டையை எடுத்து நுனியை நாக்கில் நனைத்து, முத்திரை மேல் வைத்துத் தேய்க்கப் போனாள்.

"தொடாதீங்கம்மா!" என்று நானும், "நோ நோ மதாம்!" என்று மாரிமுத்துவும், அவர்கள் பாஷையில் ஏதோ மிலோஷும், மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். பிளாட்பாரத்தில் வெற்றிலைக்கூடை வைத்திருந்தவள் கூடையைப் போட்டுவிட்டாள். மிலோஷ் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து சிரித்தான் பாருங்கள், குதிரையிலிருந்து விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தானாம்.

நான் அன்றே திரும்பியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். சர்க்கார் ஊழியன் முறை தவறலாமா? பிரான்ஸ் தேசத்திலேயே தங்கினேன், ஒரு விண்ணப்பம் இல்லாமல், ஒரு முத்திரை இல்லாமல். என் பித்தளை வில்லையைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர் சலாம் வேறு போட்டார். திங்கட்கிழமை கப்பலுக்குப் போகிற படகில் இருந்து மிலோஷ் தொப்பியை ஆட்டினான். வேரா பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி, ஈரம் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். கயிற்றில் நடக்கிறவள், கை ஆடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் பயந்துகொண்டே போனேன். ஐயங்கார் தாமதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புறப்படாமல் இருந்தேன் என்றதும், "உனக்குக்கூட புத்தி இருக்கே" என்று மெச்சினார். நடந்ததையெல்லாம் சொன்னேன். மாரிமுத்து வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். பிரான்ஸ் எப்படிடா இருக்கு?"

"நம்ம ஊரு மாதிரியேதான் சாமி இருக்கு. நம்ம ஆளுங்கதான். தமிழ்தான் பேசறாங்க. வெயில்கூட இதே வெயில்தான்."

ஐயங்கார் இடது பக்கம் இருந்த சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். வலது பக்கம் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். நடுவில் என்னைப் பார்த்தார்.

"அப்போ எதுக்குடா அவன்கிட்ட நாலு விண்ணப்பம் வாங்கினோம்?" என்றார்.